14-ஆம் அறைக்குக் கஞ்சி

அந்த அம்மா எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்த அன்று, கையில் இருந்த இரண்டு தங்க வளையல்களையும் கழற்றி மகளிடம் கொடுத்துவிடச் சொன்னோம். சோப்பு போட்டுப் பார்த்தும் கழலவில்லை. "இருந்துட்டுப் போகட்டுங்க சிஸ்டர்" என்றார். அது டிசம்பர் மாதம். அடுத்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தவர், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினார். இரண்டு வளையல்களும் சரசரவென்று முழங்கைக்குப் போய்விட்டன.

"அம்மா சாப்பிடறாங்களா இல்லையா சிஸ்டர்?" என்று மகள் கேட்டார்.

"நல்லா சாப்பிடறாங்க மேடம்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் தினமும் மூன்று வேளையும் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியதும் நான்தான்.

போனை வைத்தபிறகு அவர் கையை எடுத்துப் பார்த்தேன். வளையலின் உட்புறம் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. மோதிரம் தொளதொளவென்று ஆனால் நூல் சுற்றுவோமே, அதுபோல. கையைவிட்டு நழுவி விழாமல் இருக்க அவரே சுற்றிக்கொண்டிருக்கிறார். தான் இளைத்துக்கொண்டு வருவது அவருக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "எதுக்குங்க உங்களுக்குத் தொந்தரவு" என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

நான் நர்ஸ் வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. 11 வருடம் ஆஸ்பத்திரி வார்டில். அப்புறம் 8 வருடமாகக் கோயம்புத்தூருக்கு மேற்கே, தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருக்கும் இந்த இல்லத்தில். இங்கே 32 பேர் இருக்கிறார்கள், 9 பேர் படுக்கையில். ஊசி போடுவது, புண் கட்டுவது, சர்க்கரை பார்ப்பது எல்லாம் கைக்குப் பழகிய வேலை. ஒருவர் கண்ணெதிரே பட்டினியில் கரைவதைப் பார்க்கத் தவறினேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலமே எடை எடுத்தோம். டிசம்பரில் 46 கிலோ. மே மாதம் 40.2. கிட்டத்தட்ட ஆறு கிலோ. வயதானவர்களுக்கு ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை தானாகக் குறைந்தால், அதை வயசுக் கோளாறு என்று விடக்கூடாது, காரணம் தேட வேண்டும் என்பது நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கணக்கு. அவருக்கு 12 சதவீதத்துக்கு மேல் போயிருந்தது. நாங்கள் தினமும் பி.பி. பார்த்தோம், சுகர் பார்த்தோம். எடை மட்டும் சேர்க்கும் அன்று ஒரே ஒரு தடவை. கால் ஆடுசதையை டேப் வைத்து அளந்தேன். 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஊட்டச்சத்துக் குறைவு இருக்கலாம் என்று கொள்வார்கள். அவருக்கு 27.

காரணத்தைத் தேடிப் போனால் அது சமையலறைச் சுவரில் இருந்தது. அங்கே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. யாருக்கு உப்பு கூடாது, யாருக்குக் காரம் வேண்டாம் என்று எழுதி வைப்போம். அதில் "14 – கஞ்சி" என்று இருந்தது. பிப்ரவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது எழுதியது. காய்ச்சல் நாலு நாளில் விட்டது. பலகையை யாரும் அழிக்கவில்லை. சமையல் அக்கா பலகையைப் பார்த்துக் கஞ்சி வைத்தார், ஆயாம்மா கொண்டுபோய்க் கொடுத்தார், அந்த அம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார், நான் "நன்றாகச் சாப்பிட்டார்" என்று எழுதினேன். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தோம். இப்படி மூன்று மாதம்.

இன்னொன்றும் இருந்தது. காய்ச்சலில் கழற்றிய பல்செட் அலமாரியில் டம்ளருக்குள் கிடந்தது. இளைத்தபோது ஈறும் வற்றி, செட் ஆட ஆரம்பித்துவிட்டது. மென்றால் குத்தியிருக்கிறது. அதனால் கஞ்சியே சௌகரியம் என்று அவரும் கேட்காமல் இருந்துவிட்டார்.

மறுநாள் காலை சமையலறைக்குப் போய், ஒரு டம்ளர் கஞ்சிக்கு எவ்வளவு அரிசி போடுகிறீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். கையில் அள்ளிக் காட்டினார். தராசில் வைத்தேன். 20 கிராம். அப்படியென்றால் சுமார் 70 கலோரி, ஒன்றரை கிராமுக்கும் குறைவாகப் புரதம். ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடித்தாலும் 420 கலோரி, எட்டரை கிராம் புரதம். 46 கிலோ இருந்த ஒருவருக்கு, கிலோவுக்கு 30 கலோரி என்ற பொதுக் கணக்கில் பார்த்தால் 1,380 கலோரி வேண்டும். புரதம் 46 முதல் 55 கிராம் வரை வேண்டும். வயிறு நிறைந்தது, தட்டும் காலியானது. உடம்புக்கு மூன்றில் ஒரு பங்குகூடப் போய்ச் சேரவில்லை.

கஞ்சி மேல் எனக்குக் கோபம் இல்லை. காய்ச்சலில் இரண்டு நாள் அதுதான் மருந்து. "வயசானவங்கதானே, லேசா எதையாவது குடுங்க" என்கிற பேச்சுதான் பிரச்சினை. நம் வீடுகளில் எல்லோரும் சொல்வது. நானும் சொல்லியிருக்கிறேன். வயதானால் பசி குறையும், கலோரித் தேவையும் கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் புரதத் தேவை குறைவதில்லை, கூடுகிறது. வாலிபத்தில் சாப்பிட்ட அதே அளவை முதிய தசை பிடித்து வைத்துக்கொள்ளாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவில் பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். முதியோர் மருத்துவம் பார்ப்பவர்கள் அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் கேட்கிறார்கள். படுக்கைப் புண் இருந்தால் ஒன்றரை கிராம் வரைகூட. புண்ணுக்கு எத்தனை விலையில் களிம்பு போட்டாலும், உள்ளே புரதம் போகாமல் சதை எங்கிருந்து வளரும்? வார்டில் இருந்த காலத்தில் இதை நான் போதுமான அளவு யோசித்ததில்லை.

சரி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் பல் டாக்டரை வரவழைத்துச் செட்டைச் சரிசெய்தோம். அதற்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை மெல்லத் தேவையில்லாத, ஆனால் சத்துள்ள சாப்பாடு வேண்டும். டயட்டீஷியன் மாதம் ஒருமுறை வருகிறவர். அவர் போனில் சொன்னது இதுதான்: அளவைக் கூட்டாதீர்கள், அதே கிண்ணத்துக்குள் இருப்பதைக் கூட்டுங்கள். பசி இல்லாதவர் முன்னால் பெரிய தட்டை வைத்தால் பார்த்ததுமே வேண்டாம் என்பார்.

சமையல் அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அரிசிம்பருப்பு செஞ்சு குழையக் கடைஞ்சு குடுத்தா என்னங்க சிஸ்டர்?" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் வாரம் இரண்டு தடவை அடுப்பில் ஏறும் சாப்பாடு அது. 40 கிராம் அரிசிக்கு 30 கிராம் துவரம்பருப்பு. வழக்கத்தைவிடப் பருப்பு தூக்கல். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு. தண்ணீர் தாராளமாக விட்டு மூன்று விசில் அதிகம் வைத்து, மத்தால் கடைந்து, மேலே இரண்டு டீஸ்பூன் நெய். ஒரு சின்னக் கிண்ணம்தான். அதில் 300 கலோரிக்கு மேல், ஒன்பது கிராம் புரதம். ஆறு டம்ளர் கஞ்சியில் இருந்த புரதத்தைவிட அந்த ஒரு கிண்ணத்தில் அதிகம்.

முதல் நாள் நானே ஊட்டினேன். முதல் வாய் வாங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிடிக்கவில்லையோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் சொன்னார்: "பூண்டு பத்தலீங்க."

மூன்று மாதத்தில் அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. வயதாக ஆக நாக்கில் ருசியும் மூக்கில் வாசமும் மங்கும். அந்த நேரத்தில்தான் நாம் உப்பில்லாமல், காரமில்லாமல், வெள்ளை வெளேரென்று எதையோ கொடுத்துவிட்டு, சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று குறை சொல்கிறோம். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால்கூட பூண்டு, மிளகு, சீரகம், எலுமிச்சை எல்லாம் இருக்கிறதே. மறுநாள் ஆறு பல் பூண்டு சேர்த்துப் போட்டார் அக்கா.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். காலைப் பாலில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர். சட்னியில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் நைசாக அரைத்தது. பச்சைப்பயறு கடையல். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு மசித்த சாதத்தில் மெதுவாக வெந்த முட்டை. ஒன்றில் ஆறு கிராம் புரதம் கிடைக்கும். டின்னில் வரும் சத்துப் பவுடர்களை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சிலருக்கு டாக்டர் எழுதித்தான் கொடுக்கிறோம். ஆனால் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைக் கொடுத்துவிட்டு, டின் காலியானால் சத்து ஏறிவிட்டது என்று நினைக்கிற குடும்பங்களைப் பார்க்கிறேன்.

ராத்திரிப் பட்டினி என்று ஒன்று இருப்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் இல்லத்தில் இரவுச் சாப்பாடு ஆறரை மணிக்கு. ஏழு மணிக்குப் பகல் ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட நேரம் அது. மறுநாள் காலை எட்டு மணிக்கு இட்லி. நடுவில் பதின்மூன்றரை மணி நேரம். நமக்கே கண் இருண்டுவிடும். இப்போது எட்டரைக்கு எல்லோருக்கும் பாலோ, வாழைப்பழமோ, ஊறவைத்த பேரீச்சையோ உண்டு.

ரிஜிஸ்டரில் "நன்றாகச் சாப்பிட்டார்" என்ற வாக்கியத்தையே எடுத்துவிட்டோம். போகிற தட்டைப் பார்த்து எழுதாமல் திரும்பி வருகிற தட்டைப் பார்த்து எழுதுகிறோம். எங்கள் கேர்டேக்கர் பெண்களில் இருவர் ஒடிசாவில் இருந்து வந்தவர்கள், தமிழ் பேசுவார்கள், எழுத வராது. அதனால் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வட்டம். சாப்பிட்ட பங்கைப் பென்சிலால் தீட்ட வேண்டும். முழுசு, முக்கால், பாதி, கால், வெறும் வட்டம். மூன்று நாள் தொடர்ந்து பாதிக்குக் கீழே வட்டம் இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டும். அந்தத் தாளைப் புரட்டினால் வாரம் முழுக்க யாருக்கு எந்த வேளை இறங்கவில்லை என்று ஒரே பார்வையில் தெரிகிறது.

அப்படித்தான் ஒரு தாத்தாவின் மதிய வட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருப்பது தெரிந்தது. மறதி நோய். காலை இட்லியைச் சாம்பாரோடு சாப்பிடுவார், மதியம் தயிர்ச்சாதத்தைத் தொடவே மாட்டார், தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் பார்க்கிற இடத்தில் இருந்து பார்த்தேன். வெள்ளை மெலமைன் தட்டு, வெள்ளைத் தயிர்ச்சாதம். ஜன்னல் வெளிச்சம் வேறு. அவருக்குத் தட்டில் ஒன்றும் இல்லை! மறதி நோயில் நிறத்துக்கு நிறம் வித்தியாசம் பிரித்துப் பார்க்கும் திறனும் குறையும். அமெரிக்காவில் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் அல்சைமர் என்கிற மறதி நோய் முற்றிய ஒன்பது பேருக்கு வெள்ளைத் தட்டை மாற்றிப் பளிச்சென்ற சிவப்புத் தட்டில் கொடுத்துப் பார்த்தபோது சாப்பாடு 25 சதவீதம் கூடியதாம். சின்ன ஆய்வுதான். எங்களிடம் சிவப்புத் தட்டு இல்லை, தோட்டத்தில் வாழை இருந்தது. ஒரு துண்டு இலை நறுக்கித் தட்டில் விரித்துத் தயிர்ச்சாதத்தை வைத்தோம். ஸ்பூனையும் எடுத்துவிட்டோம். இலையின் ஓரத்தைத் தடவினார், இடது கையால் டம்ளரைத் தேடினார், தண்ணீர் தெளித்துத் துடைப்பதுபோல ஒரு சைகை செய்தார், அப்புறம் வலது கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். ஸ்பூன் மறந்துபோன கைக்கு இலை மறக்கவில்லை. அன்று வட்டம் முக்கால்.

பக்கவாதம் வந்தவர்களின் கதை வேறு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், டீ குடித்தால் இருமுவார். "புரை ஏறிடுச்சு" என்று தலையில் தட்டிவிட்டுப் போய்விடுவோம். வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா வந்தபிறகுதான், விழுங்குவதைப் பரிசோதிக்கும் தெரபிஸ்ட் வந்து பார்த்து, தண்ணீர் போன்ற எதுவும் இவருக்கு நுரையீரல் பக்கம் இறங்குகிறது என்றார். சிலருக்கு இருமலே இல்லாமலும் இறங்குமாம், அதுதான் இன்னும் பயம். திரவத்தைக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும், எவ்வளவு கெட்டி என்பதற்கு உலகம் முழுக்க ஒரே அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு 10 மில்லி சிரிஞ்சில் பிஸ்டனை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி விட வேண்டும். மிச்சம் 1 மில்லிக்குள் என்றால் அது தண்ணீர். 4 முதல் 8 மில்லி நின்றால் இரண்டாம் நிலை, அதற்கு மேல் நின்று சொட்டிக்கொண்டிருந்தால் மூன்றாம் நிலை. சிரிஞ்சில் பூஜ்யத்தில் இருந்து 10 வரைக்கும் 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாக் கம்பெனியும் ஒன்றாக இருக்காது. வாத்தியாருக்கு இரண்டாம் நிலை. ராகிக் கூழை அடுப்பில் இருந்து இறக்கியதும் சோதித்தால் சரியாக இருக்கும், ஆறினால் இறுகிப்போகும். கொடுக்கிற சூட்டில்தான் சோதிக்க வேண்டும்.

இதில் நம் சாப்பாட்டுக்கென்றே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு நாம் முதலில் கொடுப்பது ரசம் சாதம். அதுதான் மிகவும் ஆபத்தானது. நீர் முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்னால் வரும், வாய்க்குள் இரண்டையும் சமாளிக்க முடியாது. ரசத்தையும் சாதத்தையும் சேர்த்து மையாக மசித்தால் பரவாயில்லை. நிமிர்ந்து உட்கார வைத்து, அரை ஸ்பூன் கொடுத்து, தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியதைப் பார்த்தபிறகுதான் அடுத்தது. முடிந்தபிறகு அரை மணி நேரம் படுக்க வைக்கக்கூடாது.

ஒருவருக்கு இப்படி ஊட்ட 40 நிமிடம் ஆகும். ஊட்ட வேண்டியவர்கள் எங்களிடம் 11 பேர், மதிய வேளையில் இருக்கும் கைகள் நான்கு பேருடையவை. எந்த இல்லமாக இருந்தாலும் இந்தக் கணக்குதான் இடிக்கும். சத்தில்லாத சாப்பாட்டைவிட ஊட்ட ஆள் இல்லாத சாப்பாடுதான் அதிகம் வீணாகிறது. நாங்கள் மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டு, ஒன்று என இரண்டு பந்தியாகப் பிரித்தோம். ஆபீஸ் கணக்குப் பார்க்கிற தம்பியும் ஒருவருக்கு ஊட்டுகிறார். நன்றாகவே ஊட்டுகிறார்.

வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு டியூப் போட்டு, அது வழியாகச் சாப்பாடு கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்த புதிதில் மூன்று வாரம் மூக்கு வழியாக டியூபில்தான் போனது, அது அவர் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் மறதி நோய் முற்றி, வாயில் வைத்ததை விழுங்கவே மறந்துபோன கட்டம் வேறு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இலேயே அந்தக் கட்டத்தில் டியூப் பரிந்துரைக்கத்தக்கது அல்ல என்று சொல்லிவிட்டது. ஆயுள் கூடுவதில்லை, நிமோனியா குறைவதில்லை. வார்டில் நான் பார்த்தது: டியூபைப் பிடுங்குவார்கள், பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிலில் கட்டுவோம். கடைசி மாதங்களைக் கை கட்டப்பட்டுக் கழித்தவர்கள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள், அவசரத்தில் தலையாட்டாதீர்கள். விரும்புகிற அளவு, விரும்புகிற ருசியில், கையால் ஊட்டுவதும் சிகிச்சைதான்.

14-ஆம் அறை அம்மா அக்டோபரில் 43.6 கிலோ. பழைய 46 வரவில்லை, இனி வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். கழிப்பறையில் பிடி பிடித்துத் தானே எழுந்திருக்கிறார், அது போன மே மாதத்தில் முடியாதது.

தூரத்தில் இருந்து அம்மா அப்பாவுக்குப் போன் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன் சாமி" என்றுதான் பதில் வரும், நம் பெற்றோர் வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள். போனை நர்ஸிடம் கொடுக்கச் சொல்லி, கடைசியாக எடை எடுத்தது என்றைக்கு, எத்தனை கிலோ, அதற்கு முந்தின மாதம் எத்தனை என்று கேளுங்கள். நிற்க முடியாதவர் என்றால் வீல்சேரோடு தராசில் ஏற்றி, வீல்சேர் எடையைக் கழித்துச் சொல்லலாம், பத்து நிமிட வேலை. தேதி சொல்லத் தெரியாமல் இழுத்தார்கள் என்றால், அன்றைக்கே எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.